ஒரே கூட்டில் இரண்டு முயல்கள் சண்டை பிடித்தால்: பிரிப்பது முதல் மீண்டும் சேர்ப்பது வரை

கடையில் சோடியாக வாங்கும்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். வீட்டுக்கு வந்தும் இரண்டு மூன்று மாதம் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒன்றையொன்று நக்கித் துடைத்து வளரும். பிறகு ஒரு காலையில் கூட்டைத் திறந்தால் தரை முழுக்க மயிர். ஒன்று மூலையில் ஒடுங்கி நிற்கும், அதன் காதோரம் இரத்தம். திருகோணமலையில் முயல் வளர்க்கிற வீடுகளில் இது புதிய கதை இல்லை. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தில் கிடைக்கிற ஆலோசனையும் பழையதுதான்: "விடுங்கோ, அதுகள் அடிபட்டு அடிபட்டுத் தானாச் சமாதானமாகிடும்."

ஆகாது. முயல்கள் சண்டை பிடித்துத் தீர்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தால் கிழிந்த காதும் சீழ் கட்டிய முகமும்தான் மிஞ்சும். ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டையைச் சுலபமாக்குகிறது. முயலுக்கு நல்ல ஞாபகம் உண்டு, தன்னைக் கடித்ததின் மணம் அதற்கு மறக்காது.

அதே நேரம், சண்டை பிடிக்கிற முயலைக் "குணம் கெட்டது" என்று ஒதுக்கவும் வேண்டாம். அதன் உடம்பில் ஏதோ மாறியிருக்கும், அல்லது இருக்கிற இடம் போதாமல் போயிருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, பிறகு பொறுமையாகச் சேர்த்தால் மறுபடி ஒன்றாக வாழும் சோடிகள் ஏராளம். கீழே உள்ளதை அந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். நடுவில் உள்ளதைத் தாண்டி நேரே "சேர்த்து வைப்பதற்கு"ப் போனால் மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டி வரும்.

முதலில், அது சண்டைதானா?

துரத்துவதெல்லாம் சண்டை இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது, கொஞ்சத் தூரம் துரத்திவிட்டு நிற்பது, முதுகு மயிரைப் பல்லால் இழுப்பது எல்லாம் யார் பெரியவர் என்று முடிவு செய்கிற பேச்சுவார்த்தை. பெண் முயலும் ஏறும், பெண்ணின் மேலேயே ஏறும். அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. துரத்தப்பட்டது கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி வந்து பக்கத்தில் சாப்பிட்டால், நீங்கள் தலையிட வேண்டியதில்லை.

உண்மையான சண்டைக்கு முன்னால் உடம்பு மாறும். இரண்டும் அசையாமல் நிற்கும். காது இரண்டும் பின்னால் சாய்ந்து முதுகோடு ஒட்டும். வால் விறைத்து மேலே எழும், அதன் அடிப்பக்க வெள்ளை தெரியும். தாடை முன்னுக்கு நீண்டு தொண்டையில் ஒரு உறுமல் வரும். அடுத்த நொடி ஒன்று பாயும். இரண்டும் வயிறும் வயிறுமாகக் கட்டிப்பிடித்து உருண்டுகொண்டே, பின்னங்காலால் உதைத்து மயிரைப் பிய்க்கும். பத்து நொடியில் கண் இமை கிழிந்துவிடலாம்.

சத்தமே இல்லாத கொடுமையும் ஒன்று உண்டு. ஒன்று மற்றதைச் சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் கிட்ட விடாது. பாவப்பட்டது நாள் முழுக்க ஒரே மூலையில் இருக்கும், மெலியும், புழுக்கை சிறுத்துக் குறையும். காயம் இல்லாததால் வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதையும் சண்டையாகவே எடுங்கள்.

இன்னொரு விஷயத்தில் மட்டும் உடனே கை வையுங்கள்: ஒன்று மற்றதின் முகப்பக்கமாகத் தலைகீழாய் ஏறினால், கீழே இருப்பதன் வாய்க்கு நேரே மேலே இருப்பதன் பிறப்புறுப்பு வரும். அந்த இடத்தில் விழுகிற கடி மிக மோசமானது. மெதுவாகத் தள்ளித் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது, இப்போதே பிரியுங்கள்

வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். முயலுக்குத் தன் மூக்குக்கு நேரே முன்னால் இருப்பது தெரியாது. சண்டை நேரத்தில் உங்கள் விரலும் எதிரியும் அதற்கு ஒன்றுதான். ஒரு தடித்த துவாயை இரண்டின் மேலும் போடுங்கள். இருட்டானதும் பிடி தளரும். தும்புத்தடியின் தலைப்பக்கம், ஒரு பெரிய பெட்டி மூடி, பலகைத் துண்டு எது கிட்ட இருந்தாலும் நடுவில் செருகலாம். பிறகு ஒன்றைத் துவாயோடு சுற்றித் தூக்குங்கள்.

காதில் பிடித்துத் தூக்குகிற பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மறு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்க வேண்டும். பின்பக்கம் தொங்கினால் முயல் பலமாக உதறும், அந்த உதறலில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும்.

பிரித்ததும் இரண்டையும் தனித்தனி அறையில் அரை மணி நேரம் அமைதியாக விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மயிர் எல்லாவற்றையும் மூடிவிடும். விரலால் மயிரை வகுந்து வகுந்து தோலைப் பார்க்க வேண்டும். காதின் ஓரம், கண் இமை, உதடு, கழுத்தடி, அடிவயிறு, தொடையிடுக்கு, வாலடி. கண்டிப்பாகப் பிறப்புறுப்பும். முயலின் தோல் மெல்லியது. சிறிய துளையாகத் தெரிகிற பல் காயம் உள்ளே ஆழமாக இருக்கும், வெளியே மூடிக்கொள்ளும், பிறகு சில நாளில் கட்டியாகத் திரளும். முயலின் சீழ் கெட்டியானது, தானாக வடியாது. அதனால் இப்படித் திரளும் கட்டியை வீட்டில் பிதுக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்: அரை லீற்றர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவுங்கள். பொவிடோன் அயோடின் இருந்தால் வெறுந்தேநீர் நிறத்துக்கு வரும்வரை தண்ணீர் விட்டு நீர்த்துப் பூசலாம், கண்ணில் படாமல். டெட்டோல் வேண்டாம், மஞ்சள் பூசவும் வேண்டாம், நக்கி விழுங்கும்.

பார்மசியில் மருந்து வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு மீதி வைத்திருக்கிற அமொக்சிசிலின் போன்ற பெனிசிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாயால் கொடுத்தால், குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, முயலே செத்துப்போகும். எந்த அன்டிபயோட்டிக் என்பதை மிருக வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

இலையான் விஷயத்தையும் இங்கேயே சொல்கிறேன், எங்கள் வெக்கையில் இது சின்ன விஷயம் இல்லை. ஈரமான காயத்தில் இலையான் முட்டை இட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். காயப்பட்ட முயலை வளவில் வைக்காதீர்கள். வலை அடித்த இடத்தில், வீட்டுக்குள், காய்ந்த தரையில் வையுங்கள். காலையும் மாலையும் காயத்தைத் திறந்து பாருங்கள்.

கண்ணில் காயம், நிற்காத இரத்தம், ஆழமான துளை, பிறப்புறுப்பில் கடி என்றால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். காயம் சின்னதாக இருந்தாலும், 12 மணி நேரம் சாப்பிடாமல் புழுக்கை போடாமல் இருந்தால் அதுவும் அவசரம்தான். பயத்தாலும் நோவாலும் முயலின் குடல் நின்றுவிடும், அதுதான் காயத்தைவிட வேகமாகக் கொல்லும்.

உங்களைக் கடித்திருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

மூன்றாவது, பிரித்து வைக்கிற விதம்

பிரித்தது பிரித்ததாக ஒன்றை முன் விறாந்தையிலும் மற்றதைக் குசினிப் பக்கத்திலும் விட்டுவிட்டால், சில வாரத்தில் இரண்டும் அந்நியர் ஆகிவிடும். எனவே காயம் பார்த்து முடிந்ததும், பார்வையிலும் மணத்திலும் பக்கத்தில், பல்லுக்கு எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். இரண்டு கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் ஒரு நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஒற்றை வலை மட்டும் நடுவில் இருந்தால் போதாது. கோழிக்கூட்டு வலைக்குள்ளால் மூக்கும் கால்விரலும் போகும், மறுபக்கத்தில் இருப்பது காத்திருந்து கடிக்கும்.

வலையில் பாய்ந்து பாய்ந்து கோபப்படுகிறதென்றால் சாக்கு ஒன்றை முக்கால்வாசிக்குத் தொங்கவிட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குங்கள். சாப்பாட்டுத் தட்டு இரண்டையும் வலைக்கு ஓரமாக, எதிரெதிராக வைப்பது நல்லது. பக்கத்தில் மற்றது இருக்கும்போதுதான் நல்லது கிடைக்கிறது என்று அவை பழக வேண்டும்.

இரண்டு கூட்டுக்கும் நிழல் வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மே முதல் செப்டெம்பர் வரை தகரக் கூரைக்குக் கீழே முயல் வைப்பது ஆபத்து. முயலுக்கு வியர்க்காது, காதால்தான் சூட்டை விடும். 30 பாகை தாண்டினாலே அதற்குத் திணறல், திணறுகிற முயலுக்குப் பொறுமையும் இராது. தண்ணீர்ப் போத்தலை ஐஸாக்கித் துணியில் சுற்றி ஒவ்வொரு கூட்டிலும் ஒன்று வையுங்கள். மாரியில் அடிக்கிற சாரலையும் மறக்காதீர்கள். நனைந்த தரை காலைப் புண்ணாக்கும்.

நான்காவது, காரணத்தைத் தேடுங்கள்

இந்த இடத்தில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

கடைக்காரர் "சோடி" என்று சொன்னதை நம்பாமல் முதலில் ஆணா பெண்ணா என்பதைத் திரும்பப் பாருங்கள். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியில் ஆண் பெண் பிரித்தறிவது கைதேர்ந்தவர்களுக்கே சறுக்கும். மூன்று மாதத்தில் தெளிவாகும். மடியில் மல்லாத்தாமல், நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாலடியில் இரண்டு விரலால் மெல்ல விரித்தால், ஆணில் வட்டமாக ஒரு குழல் வெளியே தள்ளும், பெண்ணில் குதத்தை நோக்கி நீளும் கீற்று தெரியும். ஆணின் விதைப்பைகள் 10 முதல் 12 வார அளவில் இறங்கும். பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் ஒருமுறை பார்த்துத் தெரியவில்லை என்றால் பெண் என்று முடிவு கட்டாதீர்கள்.

பிறகு வயதைப் பாருங்கள். சின்ன இனங்கள் மூன்றரை நான்கு மாதத்திலும், பெரிய இனங்கள் ஆறு மாதம் அளவிலும் பருவத்துக்கு வரும். அதுவரை அண்ணன் தம்பியாக இருந்த இரண்டு ஆண்கள் அதன் பிறகு ஒரே கூட்டில் இருக்க முடியாது. ஒரே வயிற்றுக் குட்டிகள் என்பது எந்தப் பாதுகாப்பும் தராது. இரண்டு பெண்களும் அடிபடும், குறிப்பாகக் கூடு கட்டுகிற இடத்துக்காக. ஆணும் பெண்ணும் என்றால் சண்டை குறைவு, குட்டி அதிகம்: சினைக்காலம் 31 நாள் அளவு, குட்டி போட்ட அன்றைக்கே பெண் மறுபடி சினை பிடிக்கும். சினைப்பட்ட பெண் ஆணை விரட்டிக் கடிப்பதும் சாதாரணம்.

"கூட்டமாக வாழ்கிற மிருகம்தானே, ஏன் அடிபடுகிறது?" என்று கேட்பார்கள். கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் மேய்கிற புள்ளிமான் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். மான் மேய்ந்துகொண்டே இடம் மாறும். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவில் மண்ணில் வளை தோண்டி, அந்த வளையைத் தன் சொத்தாகக் காத்து வாழ்ந்த மிருகம். கூட்டமும் உண்டு, எல்லையும் உண்டு, அந்தஸ்தும் உண்டு. நிலாவெளிப் பக்கப் பற்றைகளில் ஓடுகிற எங்கள் காட்டுமுயல் வேறு இனம். அது தனியே வாழும், வளை தோண்டாது. அதை வைத்து வீட்டு முயலைக் கணிக்கக் கூடாது.

பருவ வயதுச் சண்டைக்கு நிரந்தரமான வழி கருத்தடைச் சத்திரசிகிச்சைதான். இரண்டுக்கும் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மட்டும் செய்தால் மற்றது விடாது. பெண்ணுக்குச் செய்வதில் இன்னொரு பெரிய நன்மை, வயதான பெண் முயல்களில் மிகச் சாதாரணமாக வருகிற கருப்பைப் புற்றுநோய் வராது. ஆண் பெண் சோடியில் இரண்டுக்கும் சத்திரசிகிச்சை ஆகியிருந்தால் அதைப்போல நிம்மதியான கூட்டு வேறில்லை.

முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பது நாய் பூனைக்குக் கொடுப்பது மாதிரி இல்லை. முன்பு முயலுக்குச் செய்தவரா என்று வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. "டொக்டர், முயலுக்கு இதுக்கு முதல் செய்திருக்கிறீங்களா? சாப்பாடு நிப்பாட்டிக் கொண்டுவரவேணுமா?" என்ற இரண்டு கேள்வி போதும். முயலுக்கு வாந்தி வராது, அதனால் இரவு முழுக்கப் பட்டினி போடத் தேவையில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்பும் பின்பும் அது சாப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். பட்டினி போடச் சொல்கிறவருக்கு முயல் பழக்கம் குறைவு என்று கொள்ளலாம். பக்கத்தில் ஆள் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். ஹபரணை, தம்புள்ளை வழியாக நீண்ட பயணம் அது. விடியப்புறம் வெயில் ஏற முன் கிளம்பி, இரண்டு முயலையும் தனித்தனிக் கூடையில் கொண்டுபோங்கள். வழியில் புல்லும் தண்ணீர் நிறைந்த இலைகளும் கூடையில் இருக்கட்டும்.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே சேர்த்துவிடக் கூடாது. ஆணுக்கு ஆறு வாரம்வரை குட்டி உண்டாக்கும் சக்தி மிஞ்சியிருக்கும். ஹோர்மோன் வற்றிக் குணம் தணிய நான்கு முதல் எட்டு வாரம் எடுக்கும். அந்த வாரங்கள் எல்லாம் பக்கத்துக் கூட்டு வாழ்க்கைதான்.

ஏற்கனவே சத்திரசிகிச்சை ஆன, வருடக்கணக்காக ஒற்றுமையாக இருந்த சோடி திடீரென்று அடிபட்டால் முதலில் நோவைச் சந்தேகியுங்கள். கடைவாய்ப் பல் கூராகி நாக்கை அறுக்கும், காதுக்குள் சீழ் இருக்கும், சிறுநீரில் சுண்ணாம்பு படியும், கம்பித் தரையில் நின்று நின்று குதிக்கால் புண்ணாகும். நோவில் இருப்பது கிட்ட வருவதைக் கடிக்கும். சில நேரம் நோயாளியின் மணம் மாறியதால் நல்லாக இருப்பதுதான் கடிக்கும். இரண்டையும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சினை இல்லாமலே சினை என்று உடம்பு நம்புகிற நிலை பெண் முயல்களுக்கு வரும். நெஞ்சு மயிரைப் பிய்த்து, வாயில் புல் கவ்வி, மூலையில் கூடு கட்டும், கிட்டப் போனால் உறுமும். இரண்டரை வாரம் அளவில் தானாக அடங்கிவிடும். அதுவரை பிரித்து வையுங்கள், கட்டிய கூட்டைக் கலைக்காதீர்கள்.

பயமும் ஒரு காரணம். இரவில் நாயோ கீரியோ கூட்டைச் சுற்றிப் போயிருந்தால், அதைக் கடிக்க முடியாத பயம் பக்கத்தில் இருக்கிறதன் மேல் திரும்பும். சித்திரை வருடப் பிறப்பு, தீபாவளி, கோவில் தேர் நாட்களில் வெடிச் சத்தத்தோடு தொடங்கிய சண்டைகள் அந்த வகை. அந்த நாட்களில் கூட்டை உள்ளறைக்கு மாற்றிச் சாக்கால் மூடிவிடுவது ஒரு மணி நேர வேலை.

கடைசியாக இடம். எங்கள் கூடுகள் பெரும்பாலும் கோழிக்கூட்டு அளவு. இரண்டு முயலுக்கு 10 அடிக்கு 6 அடி அளவு இடம் வேண்டும் என்றால் சிரிப்பார்கள், ஆனால் அது ஆடம்பரக் கணக்கு இல்லை. துரத்தப்பட்டது ஓடி விலக இடம் இல்லாத கூட்டில் துரத்தல் கடியாகத்தான் முடியும். பழைய கூட்டைக் கழற்றாமல் அதைச் சுற்றி வலை அடித்துப் பகலில் திறந்துவிட்டாலும் பாதிப் பிரச்சினை போகும். ஒளியப் பெட்டி வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் வெட்டுங்கள். ஒற்றை வாசல் பெட்டிக்குள் மாட்டினால் தப்ப வழியில்லை. தட்டு, தண்ணீர்ச் சட்டி, புல் கூடை, மலத்தட்டு எல்லாம் இரண்டிரண்டு, தூரத் தூர.

ஐந்தாவது, மணத்தைக் கலக்குங்கள்

காயம் முழுதாக ஆறி, சத்திரசிகிச்சை என்றால் மேலே சொன்ன வாரங்களும் கழிந்த பிறகு தொடங்குங்கள். முயலின் உலகம் மூக்கில்தான் இருக்கிறது. நாடியால் கதிரைக் காலில் உரசுவதும், மூலையில் புழுக்கை பரப்புவதும் "இது என் இடம்" என்று எழுதி வைப்பது.

முதல் சில நாட்கள் படுக்கிற துணியையும் மலத்தட்டையும் மட்டும் மாற்றுங்கள். பிறகு முயல்களையே கூடு மாற்றுங்கள், இன்று இதில் இருப்பது நாளை அதில். முதல் மாற்றத்தில் மலத்தட்டைக் கிளறும், காலால் தரையில் ஓங்கி அடிக்கும், எல்லா மூலையிலும் புழுக்கை போடும். நாட்கள் போகப் போக, மற்றதின் துணியிலேயே காலை நீட்டிப் படுத்தால், அடுத்த படிக்கு நேரம் வந்துவிட்டது. வலைக்கு இருபுறமும் முதுகு ஒட்டிப் படுக்கத் தொடங்கினால் இன்னும் நல்லது.

ஆறாவது, யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திப்பு

இரண்டுமே ஒருமுறையும் கால் வைக்காத இடம் வேண்டும். உங்கள் விறாந்தையில் ஒன்று முன்பு ஓடித் திரிந்திருந்தால் அது சரிவராது. குளியலறை, அம்மம்மாவின் வீட்டு அறை, பக்கத்து வீட்டு அக்காவின் மூடிய விறாந்தை எதுவும் ஆகலாம். ஆறடிக்கு நாலடி அளவு போதும். மிகப் பெரிய இடத்தில் துரத்தலுக்கு வேகம் கூடும். ரைல்ஸ் தரை வழுக்கும், வழுக்கினால் பயம் வரும், அதனால் பாய் அல்லது சாக்கு விரியுங்கள். காலைச் சாப்பாடு முடிந்து, வெயில் ஏற முன்னைய நேரம் நல்லது.

நீங்களும் தரையில் இருக்க வேண்டும், கதிரையில் இருந்தால் கை எட்டாது. தடித்த கையுறை, சப்பாத்து, பக்கத்தில் துவாய், ஒரு பெட்டி மூடி. சின்னப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். கீரையைக் குவியலாக வைக்காமல் ஒரு கோடாக நீளத்துக்குப் பரப்புங்கள். முருங்கை இலை, கொத்தமல்லித் தழை, அறுகம்புல் எது இரண்டுக்கும் விருப்பமோ அது. பிறகு இரண்டையும் எதிரெதிர் முனையில் ஒரே நேரம் விடுங்கள்.

முதல் நிமிடங்களில் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். ஒன்று முகம் கழுவும், மற்றது சுவரை மோந்து பார்க்கும். மற்றதைக் காணாதது மாதிரி நடிப்பது நல்ல அறிகுறி, குழப்பாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று கழுத்தை நீட்டி, பின்னங்காலைப் பின்னுக்கே வைத்துக்கொண்டு, மற்றதின் மூக்குவரை வரும். அந்த நேரம் காதைப் பாருங்கள். காது முன்னுக்கு அல்லது நேரே நின்றால் விடுங்கள். பின்னால் மடிந்து வால் எழுந்தால் மூடியை நடுவில் இறக்குங்கள், பாயும்வரை காத்திருக்க வேண்டாம்.

எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற காட்சி ஒன்று இருக்கிறது. ஒன்று மற்றதின் வாய்க்கு முன்னால் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தி அசையாமல் கிடக்கும். பணிந்துவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் அது "என் தலையை நக்கு" என்ற கேட்பு, கேட்பது தன்னை மேல் என்று நினைக்கிறதாகவும் இருக்கலாம். மற்றது நக்கினால் காரியம் முடிந்தது. இரண்டும் தாழ்த்திக்கொண்டு இரண்டும் நக்காமல் கிடந்தால், சில நொடியில் ஒன்று பொறுமை இழந்து கடிக்கும். அதற்கு முதல் உங்கள் இரண்டு கையாலும் இரண்டின் நெற்றியையும் ஒரே நேரம் தடவுங்கள். மசித்த வாழைப்பழம் துளியூண்டு இரண்டு நெற்றியிலும் பூசினால் நக்கல் தொடங்கும், சில சோடிக்கு அதுவே பாதை திறந்துவிடும்.

பத்து, பதினைந்து நிமிடம் போதும். நிறுத்துகிற நேரம்தான் இதில் சூட்சுமம். நன்றாகப் போகிறதே, இன்னும் கொஞ்சம் விடுவோம் என்ற ஆசையில்தான் அன்றைய நல்ல பெயர் கெடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட்டு முடித்ததும், அல்லது ஒன்று காலை நீட்டிப் படுத்ததும், அன்றைக்கு முடித்துவிடுங்கள். தினமும் செய்யுங்கள். கைகலப்பு வந்துவிட்டால் அன்றோடு நிறுத்தி, சில நாள் ஐந்தாவது படிக்குத் திரும்பி, பிறகு இன்னும் குறைந்த நேரத்தில் தொடங்குங்கள்.

மோட்டார் சைக்கிளில் கூடையோடு கொண்டுதிரிந்தால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும், முகத்தில் தண்ணீர் அடித்தால் அடங்கும் என்றெல்லாம் சொல்வார்கள். பயத்தில் உறைந்த முயல் அசையாமல் இருக்கும், அதைச் சமாதானம் என்று எடுக்கக் கூடாது. பயம் தெளிந்ததும் பழைய கணக்கு திரும்பி வரும். எங்கள் வெக்கையில் மூடிய கூடைக்குள் வைத்து அலைக்கழிப்பது உயிருக்கே ஆபத்து.

எவ்வளவு நாள் எடுக்கும் என்று கேட்டால், ஒரு வாரத்தில் சேர்ந்தவையும் உண்டு, மூன்று மாதம் எடுத்தவையும் உண்டு. பெரிதாக அடிபட்ட சோடிக்கு அதிக நாள் எடுப்பது இயல்பு.

ஏழாவது, ஒரே கூட்டுக்கு

சந்திப்பு நிமிடங்களில் இருந்து மணிகளாகி, ஒன்றையொன்று நக்கி, ஒரே மலத்தட்டில் இருந்து, உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்கினால் அந்தச் சந்திப்பு இடத்திலேயே இரண்டு முழு நாள் விடுங்கள். வீட்டில் ஆள் இருக்கிற சனி, ஞாயிறு பார்த்துச் செய்வது நல்லது. இரண்டு பகலும் இரண்டு இரவும் சேர்ந்தாற்போல் சண்டை இல்லாமல் போனால் கூட்டுக்கு மாற்றலாம்.

பழைய கூடு பழைய எல்லையின் மணம் ஊறியது. பாதிக்குப் பாதி வினாகிரியும் தண்ணீரும் கலந்து தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். சிறுநீர் ஊறிய பலகையைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். கூட்டை வளவின் வேறு மூலைக்கு நகர்த்தி, உள்ளே தட்டும் பெட்டியும் இருந்த இடங்களையும் மாற்றுங்கள். சந்திப்பு இடத்தில் விரித்திருந்த பாய்த் துணியைக் கழுவாமல் உள்ளே போடுங்கள், இரண்டின் மணமும் கலந்தது அது. இரண்டையும் ஒரே நேரம் உள்ளே விடுங்கள்.

முதல் வாரம் விடியப்புறமும் பொழுதுபடுகிற நேரமும் கண் வைத்திருங்கள், முயல் துடியாக இருக்கும் நேரம் அது. சின்னத் துரத்தல் ஒன்றிரண்டு வரும். அதற்குப் பயந்து இரவில் பிரித்துப் பகலில் சேர்க்கத் தொடங்கினால் ஒவ்வொரு காலையும் புதுச் சந்திப்பாகிவிடும். காயம் வராதவரை சேர்த்தே வையுங்கள்.

அதன் பிறகு ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: ஒன்றை வைத்தியரிடம் கொண்டுபோனால் மற்றதையும் கூடக் கொண்டுபோக வேண்டும். வைத்தியசாலை மணத்தோடு தனியே திரும்பி வருவதை வீட்டில் இருந்தது அந்நியராக எடுத்து அடிக்கும். இரண்டும் நன்றாக இருக்கிறது என்று மூன்றாவது ஒன்றை வாங்கி விடுவதும் வேண்டாம், அமைந்த கணக்கு முழுதும் கலையும்.

சேரவே இல்லை என்றால்

எல்லாம் செய்தும் சேராத சோடிகள் இருக்கின்றன. சத்திரசிகிச்சை செய்ய வழியில்லாத இரண்டு ஆண்களும் பெரும்பாலும் அப்படித்தான். அவற்றைத் திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது கொடுமை. நான்கு விரல் இடைவெளியில் பக்கத்துக் கூடுகளாகவே வாழட்டும். மணமும் பார்வையும் துணையாக இருக்கும், பல் எட்டாது. வலை ஓரத்தில் எதிரெதிராகப் படுத்துத் தூங்குகிற முயல்களுக்கு அந்த வாழ்க்கை குறைவானதில்லை. வெளியே விடுகிற நேரத்தை மட்டும் காலை ஒன்றுக்கு, மாலை மற்றதுக்கு என்று பிரித்துக்கொடுங்கள்.

ஒன்றை வேறு வீட்டுக்குக் கொடுப்பதாக முடிவெடுத்தால் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுங்கள், பற்றைக்குள் கொண்டுபோய் விடாதீர்கள். கூட்டில் வளர்ந்த முயலுக்கு நாயிடம் இருந்து தப்பத் தெரியாது. வாங்குகிறவரிடம் அதன் வயது, ஆணா பெண்ணா, சத்திரசிகிச்சை ஆனதா, என்ன சாப்பிட்டுப் பழகியது, எதனோடு எப்போது அடிபட்டது என்பதை மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதல் பத்து நாளுக்கு அது பழகிய புல்லில் ஒரு கட்டும் கூடவே போகட்டும். திடீரென்று சாப்பாடு மாறினால் வயிறு குழம்பும்.